சர்க்கரையில் பூத்த ஆவாரம்பூ!

பிறந்த நாள் என்றால் கேக் என்று ஆகி விட்டது. நான் கல்யாணமாகி அவிநாசிக்கு வந்த புதிதில் அப்படி இல்லை. குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, புதுத் துணி உடுத்தி, கோயிலுக்கு அழைத்துப் போய் அவிநாசியப்பரையும் கருணாம்பிகை அம்மனையும் கும்பிட வைப்போம். வீட்டுக்கு வந்தால் ஒப்புட்டோ, பாயசமோ. அத்தோடு சரி. இன்றைக்கோ மெழுகுவத்தியை ஊதி அணைக்காவிட்டால் குழந்தைக்கு ஒரு வயது கூடியதாகவே கணக்கில்லை!

இதைக் குறையாகச் சொல்லவில்லை. குழந்தைகளுக்குச் சந்தோஷம் என்றால் நமக்கும் சந்தோஷம் தானே? கேக்கைப் பற்றி எனக்குச் சண்டை ஒன்றும் கிடையாது. அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே அலங்காரம், அதைப் பற்றித் தான் சகோதரிகளுக்குக் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் ஒரு ரோஜா, ரத்தச் சிவப்பில் ஒரு பொம்மை, மேலே பளபளவென்று வெள்ளிக் குண்டுமணிகள். குழந்தை முதலில் கை வைப்பது அங்கே தான். அது எதனால் ஆனது என்று நாம் கேட்கிறோமா?

என்னைக் கேட்க வைத்தவள் என் பேத்தி. அவளுக்கு இப்போது எட்டு வயது. மூன்று வயதிலிருந்தே இழுப்புத் தொந்தரவு. பனி விழுந்தால் வரும், தூசி பட்டால் வரும் என்று நாங்கள் பழகிப் போயிருந்தோம். நாலரை வயதில் ஒரு பிறந்த நாள் விருந்துக்குப் போய் வந்தாள். சாயங்காலம் கேக் சாப்பிட்டவளுக்கு இரவு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து விட்டது. மகன் வெளியூரில். மருமகள் தான் குழந்தையைத் தூக்கிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அடுத்த தடவையும் இப்படியே ஆனபோது டாக்டர் ஒரு யோசனை சொன்னார். குழந்தை சாப்பிடுகிற ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். மருமகள் ஒரு கடுகு விடாமல் எழுதினாள். இரண்டு மாதத்தில் விஷயம் தெரிந்தது. மஞ்சள், ஆரஞ்சு நிறச் சாயம் சேர்த்த மிட்டாயோ, கேக்கோ, பானமோ சாப்பிட்ட நாட்களில் தான் இந்தத் தொந்தரவு. டார்ட்ரஸின் என்ற மஞ்சள் சாயம் ஒரு சிலருக்கு மட்டும் ஒத்துக் கொள்ளாமல் தடிப்பையும் இழுப்பையும் கிளப்பி விடும் என்று டாக்டர் விளக்கினார். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகாது. ஆனால் எங்கள் குழந்தை அந்தச் சிலரில் ஒருத்தி.

அதற்குப் பிறகு அவள் நடந்து கொண்ட விதம் தான் என் மனதைத் தைத்தது. யார் வீட்டுப் பிறந்த நாளுக்குப் போனாலும் கையைக் கட்டிக் கொண்டு ஓரமாக உட்கார்ந்து விடுவாள். தட்டை நீட்டினால், "எனக்கு வேண்டாமுங்க, எனக்குச் சேராது" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்வாள். ஐந்து வயதுக் குழந்தை பேசுகிற பேச்சா இது?

ஆறாவது பிறந்த நாள் தை மாதம் வந்தது. மருமகள் முதலிலேயே சொல்லி விட்டாள்: "இந்த வருஷம் கேக்கே வேண்டாமுங்க அத்தை. பாயசத்தோட நிறுத்திக்கலாம்." பேத்தி வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. "நான் வீட்டிலேயே செய்யறேன் கண்ணு, பூவோட, அலங்காரத்தோட" என்றேன்.

"உங்க கை வேலையை நான் குறை சொல்லலைங்க அத்தை. ஆனா அன்னிக்கு ராத்திரி அவளைத் தூக்கிட்டு ஓடினது நானுங்க. இன்னொரு தடவை என்னால ஆகாதுங்க" என்றாள். சொல்லும் போதே கண் கலங்கி விட்டது. பெற்றவள் பயம் அது. அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். குழந்தை வீட்டில் வழக்கமாகச் சாப்பிட்டு, அவளுக்குச் சேர்ந்த பொருளைத் தவிர வேறு எதுவும் அந்தக் கேக்கின் மேல் ஏறக் கூடாது. கடையில் வாங்கிய வண்ணம் ஒரு சொட்டுக் கூடாது. டாக்டரிடமும் பட்டியலைக் காட்டிக் கேட்டுக் கொள்ள வேண்டும். சர்க்கரை, சோள மாவு, கொண்டைக் கடலை, எலுமிச்சை, மஞ்சள் தூள், பீட்ரூட், பாலக் கீரை என்று ஏழு பொருள்களை எழுதினோம். டாக்டர் பார்த்து விட்டு, "தாராளமாகச் செய்யுங்கள்" என்றார். ஏழு பொருளை வைத்துக் கொண்டு என்ன அலங்காரம் செய்வது?

<b>நமக்குப் புதிதில்லை</b>

யோசித்துப் பார்த்தால், சர்க்கரையில் உருவம் செய்வது நம் ஊர்ப் பக்கங்களில் பழைய வித்தை தான். மைசூர்ப் பக்கத்தில் சங்கராந்திக்கு எள்ளு, வெல்லத்தோடு 'சக்கரை அச்சு' கொடுப்பார்கள். இரண்டு பாதியாகச் செய்த மர அச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, சேர்த்துக் கட்டி, பால் விட்டு அழுக்கெடுத்த சர்க்கரைப் பாகை ஊற்றினால் கிளி, யானை, துளசி மாடம் எல்லாம் வெள்ளை வெளேரென்று வந்து நிற்கும். ஆந்திராவில் கல்யாணங்களுக்குச் சர்க்கரைக் கிளி உண்டு. மகாராஷ்டிரத்திலோ சர்க்கரை பூசிய எள்ளைக் கோத்து மாலை, வளையல், ஒட்டியாணம் என்று நகையே செய்து, தலைச் சங்கராந்திக்குப் புது மருமகளுக்கும் கைக்குழந்தைக்கும் பூட்டி அழகு பார்ப்பார்கள்.

ஏன், நம் தேர்த் திருவிழாவில் மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மையோடு வருவாரே ஜவ்வு மிட்டாய்க்காரர், அவரை விட்டு விடலாமா? இழுத்து இழுத்து ஒரு நிமிஷத்தில் கைக் கடிகாரமும் தேளும் ரயில் வண்டியும் செய்து நம் மணிக்கட்டில் ஒட்டி விடுவார். இதையே 'இழுத்த சர்க்கரை' என்று ஐரோப்பிய மிட்டாய்க் கலைஞர்கள் தனிப் பாடமாகப் படிக்கிறார்கள்!

நான் கோவை அவினாசிலிங்கம் கல்லூரியில் மனையியல் படித்தவள். 1957-ல் தொடங்கிய கல்லூரி அது. 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமானது. அங்கே சர்க்கரைப் பாகின் பதத்தைத் தெர்மாமீட்டர் வைத்துப் படித்தோம். 112 முதல் 116 டிகிரி சென்டிகிரேட் வரை இளம் உருண்டைப் பதம். 150 டிகிரியைத் தொட்டால் ஒடிகிற முறுகு பதம். 160-ஐத் தாண்டினால் நிறம் மாறிக் காரமல். கல்யாணமாகி வந்தால், என் மாமியார் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்தே அதே பதத்தைச் சொல்வார்! சூடு ஏற ஏறப் பாகில் தண்ணீர் குறைகிறது. அவ்வளவு தான் சூட்சுமம். தெர்மாமீட்டரும் மாமியாரும் அளந்தது ஒன்றையே.

சர்க்கரைக்கும் நம் கோவைக்கும் இன்னொரு பந்தமும் உண்டு. 1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் ஏற்பட்டது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி. எஸ். வெங்கட்ராமனும் அங்கே தித்திக்கும் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து 'கோ 205' என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். 1918-ல் அது வயலுக்கு வந்தது. 'கோ' என்றால் கோயமுத்தூர் தான். பிறகு தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாளும் அந்த நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். ஒரு கரண்டி சர்க்கரைக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு, பாருங்கள்!

<b>முதலில் பொடி</b>

இனி செய்முறைக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் ஐஸிங் சர்க்கரையே போதும். ஆனால் எங்கள் ஒப்பந்தப்படி நான் வீட்டிலேயே பொடித்தேன். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேஜைக் கரண்டி சோள மாவு. ஈரமில்லாத மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட விட்டால் சூடேறிக் கட்டி தட்டும். அரைத்ததும் மூடியைத் திறக்காமல் ஐந்து நிமிஷம் விடுங்கள், புகை மாதிரிப் பறப்பது அடங்கட்டும். பிறகு பழைய வெள்ளை வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குருணை நின்றாலும் கோனின் முனை அடைத்துக் கொள்ளும்.

<b>முட்டைக்குப் பதில் கடலைத் தண்ணீர்</b>

ராயல் ஐஸிங் என்பது முட்டை வெண்கருவும் சர்க்கரைப் பொடியும் அடித்துச் செய்வது. காய்ந்தால் கல் மாதிரி இறுகும். ஆனால் பச்சை வெண்கருவைக் குழந்தைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பாது. ஸால்மொனெல்லா என்ற கிருமி பச்சை முட்டையில் இருக்கக் கூடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இவர்களுக்கெல்லாம் அது ஆகாது. தவிர, முட்டை சேர்க்காத குடும்பங்களும் நம்மில் நிறைய.

அதற்குக் கொண்டைக் கடலை வெந்த தண்ணீர் நல்ல மாற்று. வெள்ளைக் கொண்டைக் கடலையை இரவு ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி விட்டு, புதுத் தண்ணீரில் உப்புப் போடாமல் வேக வையுங்கள். அந்தத் தண்ணீரிலேயே ஆற விட்டு வடிகட்டுங்கள். நீர்த்திருந்தால் அடுப்பில் வைத்து, வெண்கரு மாதிரி வழவழப்பாகும் வரை சுண்டக் காய்ச்சி ஆற விடுங்கள். கடலையிலுள்ள புரதமும் மாவுச் சத்தும் அதில் இறங்கியிருப்பதால் அடித்தால் நுரை கட்டும்.

இந்தத் தண்ணீர் இரண்டு மேஜைக் கரண்டி எடுத்து நுரை வர அடித்து, 200 முதல் 250 கிராம் சர்க்கரைப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடியுங்கள். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. கரண்டியைத் தூக்கினால் கிளி மூக்கு மாதிரி நிற்க வேண்டும்; அது தான் பூவுக்குப் பதம். சரிந்தால் பொடி சேருங்கள், ஒடிந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர். பாத்திரத்தின் மேல் எப்போதும் ஈரத் துணி கிடக்கட்டும், இல்லாவிட்டால் மேலே ஆடை கட்டி விடும். கடலை வாடை வருமே என்று பயப்பட வேண்டாம். எலுமிச்சையில் பாதி போகும். காய்ந்ததும் மீதி தெரியாது.

<b>ஏழு பொருளில் வண்ணங்கள்</b>

மஞ்சளுக்கு: ஒரு சிட்டிகை மஞ்சள் தூளை ஒரு கரண்டித் தண்ணீரில் கொதிக்க வைத்து, தெளிந்த நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆப்ப சோடா கலந்த எதிலும் இதைச் சேர்க்காதீர்கள். ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்து விடும்!

ரோஜா நிறத்துக்கு: பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, மிதமான தீயில் பாதியாகச் சுண்ட வைக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் பழுப்பேறி விடும். இந்த நிறம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். ஆகவே பூக்களை மூடிய டப்பாவில் இருட்டில் வைக்க வேண்டும்.

பச்சைக்கு: பாலக் கீரையை அரைத்துப் பிழிந்த சாற்றை லேசாகச் சூடு செய்தால், பால் திரிவது போலப் பச்சை மட்டும் திரண்டு மிதக்கும். அதைத் துணியில் வடிகட்டி எடுங்கள். ஒரு மிளகளவு போதும். கீரை வாடையெல்லாம் கீழே நிற்கும் தண்ணீரோடு போய் விடும்.

பேத்தியின் கேக்கில் சேர்க்கவில்லை என்றாலும் சங்குப்பூவைப் பற்றியும் சொல்லி விடுகிறேன். நாலு நீலப் பூவை வெந்நீரில் ஊற வைத்தால் நீலச் சாயம் இறங்கும். எலுமிச்சை பட்டால் அதுவே ஊதாவாகும். ஒரே பூவில் இரண்டு வண்ணம்.

வேரும் கீரையும் கொடுக்கிற வண்ணம் கடை வண்ணம் போலக் கூச்சலிடாது. வெளிறித் தான் இருக்கும். அது தான் அதற்கு அழகு என்று நான் சொல்வேன். இயற்கை என்பதாலேயே எல்லார் உடம்புக்கும் ஒத்துக் கொள்ளும் என்றும் நினைத்து விடக் கூடாது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் புதிதாக எதைக் கொடுப்பதானாலும் டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

<b>பொங்கல் பூக்கள்</b>

என்ன பூச் செய்வது என்று பேத்தியைக் கேட்டேன். பொங்கல் முடிந்து நாலு நாள் தான் ஆகியிருந்தது. வாசல் நிலையில் காப்புக் கட்டிய கொத்து இன்னும் தொங்கிக் கொண்டிருந்தது. அதைக் காட்டி, "அது மாதிரிச் செய்யுங்க அப்பத்தா" என்றாள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை! எந்தக் கேக் புத்தகத்தில் இருக்கிறது இதெல்லாம்?

பட்டர் பேப்பரைக் கடலைப் பொட்டலம் மாதிரிக் கூம்பாகச் சுருட்டி, மஞ்சள் ஐஸிங்கை நிரப்பி, முனையைச் சாய்வாக வெட்டிக் கொண்டேன். இரண்டு அங்குலச் சதுரமாகக் கத்தரித்த காகிதத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து இழுத்து ஐந்து இதழ். நடுவில் மஞ்சள் கூடுதலாகச் சேர்த்த பசையில் மகரந்தப் புள்ளிகள். பூளைப்பூவுக்கு வெள்ளை ஐஸிங்கில் ஒரு மெல்லிய கோடு. அதன் மேல் நெருக்கமாகக் கடுகளவுப் புள்ளிகள். வேப்பிலைக்குப் பச்சையில் சின்னச் சின்னக் கீற்றுகள். குச்சியின் முனையால் ஓரத்தில் ரம்பப் பல் வெட்டி விட்டால் நிஜ இலை தோற்றது.

காகிதத்தோடு தட்டில் பரப்பி, ஈ மொய்க்காமல் வலைக் கூடையைக் கவிழ்த்து, ஒரு நாள் முழுவதும் காய விட்டேன். நம் பக்கத்துத் தை மாதத்து வறண்ட காற்று இதற்கு மிகவும் ஏற்றது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றிலும் நன்றாகவே காயும். தூசிக்கு மட்டும் பயப்பட வேண்டும். ஐப்பசி அடைமழையில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொண்டு பிசுபிசுத்துப் போகும். ஃப்ரிஜ்ஜில் வைத்தாலும் அதே கதி தான். காற்றுப் புகாத டப்பாவில், வெளியில் வைத்தால் வாரக் கணக்கில் இருக்கும்.

பூ இழுக்கக் கை வராதவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று: ஒரு கப் பொடிச் சர்க்கரையில் இரண்டு டீஸ்பூன் வண்ண நீரைத் தெளித்து, புட்டு மாவுப் பதத்தில் பிசறிக் கொள்ளுங்கள். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சின்ன அச்சில் அழுத்தி நிரப்பி, காகிதத்தில் கவிழ்த்துத் தட்டுங்கள். ஓர் இரவு காய்ந்தால் உருவம் கெட்டியாகி விடும். அடுப்பு இல்லை, பாகு இல்லை, குழந்தைகளே செய்யலாம். என் பேத்தி இப்படி நட்சத்திரமாகவே ஒரு டஜன் செய்து தள்ளினாள்.

கடைகளில் தத்ரூபமான ரோஜா வைக்கிறார்களே, அது கோந்துப் பொடி சேர்த்துப் பிசைந்த சர்க்கரை மாவு. மெல்லிய இதழாகத் தேய்க்க அது வரும். எங்கள் ஏழு பொருளில் அந்தப் பொடி இல்லாததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கேக் சாதாரண வெண்ணெய் கேக் தான். அலங்காரத்தைக் கடைசி நிமிஷத்தில் தான் வைக்க வேண்டும். முன்னதாக வைத்தால் கேக்கின் ஈரத்தில் பூ கரைந்து வண்ணம் கசியும்.

அன்று சாயங்காலம் தெருக் குழந்தைகள் எல்லாம் சுற்றி நின்று, "இது நிஜப் பூவுங்களா?" என்று கேட்டார்கள். பேத்தி தான் பதில் சொன்னாள்: "சர்க்கரைப் பூ. தின்னு பாரு, நானும் திங்கறேன்." 'நானும்' என்று அவள் சொன்ன அழுத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது.

அன்று இரவு நான் தூங்கவில்லை. மருமகளும் தூங்கவில்லை என்பது அடுத்த அறையில் அடிக்கடி விளக்கு எரிந்து அணைந்ததில் தெரிந்தது. மூன்று மணிக்கு எழுந்து போனேன். குழந்தையின் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "மூச்சு சீரா இருக்குதுங்க அத்தை" என்றாள். இரண்டு பேரும் அடுக்களைக்குப் போய்க் காப்பி வைத்துக் குடித்தோம்.

<b>சாயம் துணிக்கு, தட்டுக்கு அல்ல</b>

வண்ணம் என்றாலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டில் குறிப்பிட்ட சில செயற்கை வண்ணங்களை மட்டும் உணவில் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. கேக், மிட்டாய் போன்றவற்றில் ஒரு கிலோவுக்கு 100 மில்லி கிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற அளவும் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளிலோ 2010 முதல் டார்ட்ரஸின் உட்பட ஆறு வண்ணங்களில் எதைச் சேர்த்தாலும், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று உறையில் அச்சிட்டாக வேண்டும்.

அனுமதியே இல்லாத சாயம் கலப்பது தான் பெரிய கொடுமை. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது நினைவிருக்கும். பரிசோதனையில் ரோடமின் பி என்ற சாயம் இருந்தது தான் காரணம். அது துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற சாயம். பக்கத்துத் திருப்பூரில் சாயப் பட்டறைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு கிராம் சாயம் எத்தனை துணியைப் பிடிக்கும், எத்தனை வெளுத்தாலும் போகாது என்று நமக்குத் தெரியாதா?

பளபளப்புப் பொடி விஷயத்திலும் கவனம் வேண்டும். 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்த நாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப் போக்கு. மேலே பூசிய ரோஸ் கோல்ட் பொடி அசல் செம்புத் தூள் என்று பிறகு தெரிய வந்தது. டப்பாவில் 'நச்சுத் தன்மை அற்றது' என்று போட்டிருந்தால் அது சாப்பிடத் தக்கது என்று அர்த்தமாகாது. 'உண்ணத் தக்கது' என்றும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றும் அச்சிட்டிருந்தால் தான் வாங்க வேண்டும். உள்ளே கம்பியோ பல் குச்சியோ வைத்த பொம்மைகளைச் சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள்.

நிஜப் பூ வைத்தால் ஆபத்தில்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. அரளி, ஊமத்தை இரண்டும் விஷம் என்று நம் பாட்டிமார்களுக்கே தெரியும். மார்க்கெட்டில் வாங்கும் ரோஜாவிலும் பூச்சி மருந்து இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் மருந்தடிக்காமல் வளர்ந்த பன்னீர் ரோஜா இதழ் என்றால் கழுவித் துடைத்து வைக்கலாம்.

<b>இனிப்புக்கும் ஒரு கணக்கு</b>

எங்கள் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஆகவே அந்தப் பக்கத்தையும் சொல்லாமல் விட மாட்டேன். சேர்த்துக் கொள்ளும் சர்க்கரை நம் மொத்த உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. பெரியவர்களுக்கு அந்தப் பாதி என்பது நாளுக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். நாட்டுச் சர்க்கரை என்றாலும் இதே கணக்கு தான்.

அலங்காரம் கண்ணுக்கு என்று நினைத்துக் கொண்டால் இந்தக் கணக்கு இடிக்காது. என் ஆவாரம்பூ ஒன்று இரண்டு கிராம் கூட இராது. கேக் முழுவதையும் ஐஸிங்கால் மெழுகாமல், வெறும் கேக்கின் மேல் ஆளுக்கு ஒரு பூ, ஓர் இலை என்று வைத்தேன். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பூக் கிடைத்த திருப்தி, வயிற்றுக்கும் பாரமில்லை. சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லி விட்டால் பல்லுக்கும் நல்லது. வீட்டுக்காரர் பூவை ரசித்து விட்டு, எனக்கே திருப்பித் தந்து விட்டார்!

<b>ஒரு துண்டுச் சீட்டு</b>

அந்தப் பிறந்த நாளுக்குப் பிறகு அக்கம் பக்கத்தில் கேட்டார்கள் என்று செய்து கொடுக்க ஆரம்பித்தேன். கிறிஸ்துமஸுக்குக் கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு சிநேகிதி நட்சத்திரங்கள் கேட்டு வாங்கிப் போனாள். விற்பனை என்று ஆனதும், பஞ்சாயத்துப் பேசாமல் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்து கொண்டேன். வீட்டில் செய்து விற்கும் சகோதரிகள் யாரும் இதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டப்பாவோடும் ஒரு துண்டுச் சீட்டு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒன்று விடாமல் அதில் எழுதி விடுவேன். போன வருஷம் ஒரு தாய் அந்தச் சீட்டைப் படித்து விட்டு உடனே போன் செய்தாள். "கொண்டைக் கடலைத் தண்ணீர்னு போட்டிருக்குதுங்களே அக்கா, என் பையனுக்குக் கடலை வகையே ஆகாதுங்க" என்றாள். பூக்களைத் திரும்ப வாங்கிக் கொண்டு, சர்க்கரையும் பீட்ரூட் நீரும் மட்டும் சேர்த்து அச்சில் பிடித்த நட்சத்திரங்களைக் கொடுத்தனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் எழுதிய சீட்டு ஒரு குழந்தையின் இரவைக் காப்பாற்றியது.

இப்போது சீட்டு எழுதும் வேலை பேத்தியுடையது. சர்க்கரை, சோள மாவு, மஞ்சள் என்று குண்டு குண்டாக எழுதி, கடைசியில் எதையாவது விட்டு விட்டோமா என்று டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரி பார்ப்பாள். நீங்கள் கடையில் கேக் வாங்கினாலும் சரி, வீட்டில் செய்தாலும் சரி, இந்தச் சீட்டைக் கேளுங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எல்லாம் சேரலாம். விருந்துக்கு வருகிற குழந்தைகளில் ஒன்று, கையைக் கட்டிக் கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கக் கூடும்.